ஸ்வெட்டரின் கைராசி

ஜனவரி 9

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரைக்குப் பதில் வந்துவிட்டது. மறுக்கவில்லை, ஏற்கவும் இல்லை. மதிப்பீட்டாளர்களில் இரண்டு பேருக்குத் திருப்தி. மூன்றாமவருக்கு மட்டும் ஒரு சந்தேகம். பட்டினி போட்ட உயிர்ச்செல்லுக்குள் இந்தப் புரதத் துளிகள் உண்மையிலேயே உருவாகின்றனவா என்று வேறொரு ஆய்வகமும் செய்து பார்த்துச் சொல்ல வேண்டுமாம். பேராசிரியர் மேசையைத் தட்டிச் சிரித்தார். செய்து பார்க்கட்டுமே, நமக்கென்ன பயம் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தோஷப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "உன் துளிங்க எப்படி இருக்கு?" மற்ற அம்மாக்கள் பேரப்பிள்ளைகளை விசாரிப்பதுபோல இவள் செல்லுக்குள் இருக்கும் புரதத் துளிகளை விசாரிக்கிறாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாத பிள்ளையைப் பெற்றால் இப்படித்தான். நன்றாக இருக்கின்றன என்றேன். அவள் பார்வை கூடத்து மூலையில் அடுக்கியிருக்கும் அட்டைப்பெட்டிகள் பக்கம் போனது. ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும் ஊர் மாறி வீடு மாறி வந்தவை. நல்ல பாத்திரம், அப்பாவின் புத்தகங்கள் எல்லாம் அதற்குள்தான். எதற்குப் பிரித்து எதற்கு மறுபடி கட்டுவது என்று அவள் தொடுவதே இல்லை. எனக்கு நிரந்தர வேலை கிடைக்கிற அன்றைக்குப் பிரிப்பதாகப் பேச்சு.

இந்த ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது. கட்டுரை வெளிவந்தால் துறையில் காலியாக இருக்கும் நிரந்தர இடம் எனக்குத்தான் என்று பேராசிரியர் வாய்விட்டே சொல்லிவிட்டார். நாற்பத்தொரு வயதாகிறது. இன்னொரு தடவை பெட்டி கட்ட என்னால் ஆகாது.

ஜனவரி 14

இன்றும் ஸ்வெட்டருக்குத் துளி வரவில்லை.

எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறோம், அவளும் திரும்பிப் பார்க்கிறாள். ஆய்வகத்தின் ஏ.சி. அவளுக்கு ஆகாது. குளிர்ந்த எதையாவது தொட்டால் விரல் வெளுத்து மரத்துப்போகும். அதனால் வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே அந்தத் தடித்த சாம்பல்நிற ஸ்வெட்டர்தான், அதற்கு மேல் வெள்ளைக் கோட்டு. குழந்தை பிறந்து நாலைந்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு ஆராய்ச்சிக்குத் திரும்பியவள். என்னை அண்ணா என்பாள்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. தட்டில் வளரும் செல்களின் மேல் அவற்றின் சாப்பாடு திரவமாக நிற்கும். மீடியம் என்போம். அதை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சத்தில்லாத உப்புநீரை ஊற்ற வேண்டும். அதற்குப் பட்டினித் தண்ணீர் என்று செல்லப்பெயர். ஊற்றிய கொஞ்ச நேரத்தில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், செல் முழுக்கப் பரவிக் கிடந்த, நாங்கள் ஒளிர வைத்த புரதம் பச்சைப் பச்சையாகத் துளி கட்டியிருக்கும். பசி வருவதைத் தெரிந்துகொண்டு செல் தன் சொத்தை மூட்டை கட்டி வைக்கிறது என்பதுதான் எங்கள் கட்டுரை. அரை மணியில் துளிகள் கரைந்துவிடும். செல் பசிக்குப் பழகிவிட்டது என்று அதற்கு ஒரு தனிப்பகுதியே எழுதியிருக்கிறோம்.

எனக்கு வருகிறது. எனக்கு முன்னால் இருந்தவருக்கும் வந்தது. பேராசிரியர் எப்போதாவது ஆசைக்குச் செய்தால் அவருக்கும் வருகிறது. இவளுக்கு மட்டும் ஒரு வருடமாக இல்லை. "அந்தப் பொண்ணுக்குக் கைராசி இல்லப்பா," என்றார் பேராசிரியர். செல் வளர்ப்பதும் சமையலும் ஒன்று, சிலர் கைக்குத்தான் வரும் என்பது அவர் சித்தாந்தம். நானும் தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபமாக இருந்தது.

ஜனவரி 22

நாள் முழுக்க மைக்ராஸ்கோப். கண் எரிகிறது. எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 3

அந்த இன்னொரு ஆய்வகத்திலிருந்து மின்னஞ்சல். நாங்கள் அனுப்பிய அதே செல், அதே புரதம். பட்டினி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். துளி எதுவும் தெரியவில்லையாம். செய்முறையை ஒரு வரி விடாமல் எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

பேராசிரியர் அசரவே இல்லை. அவர்கள் ஆட்களுக்குப் பழக்கம் பத்தாது, நீ விவரமாக எழுதி அனுப்பு என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டார். உட்கார்ந்து எழுதப் பார்த்தேன். மீடியத்தை எடு, தண்ணீரை ஊற்று, பார். மூன்றே வரி. மற்றதெல்லாம் கை தானாகச் செய்கிறது. கை செய்வதை எப்படி எழுதுவது?

அம்மாவிடம் துளிகள் நலம் என்று சொன்னேன்.

பிப்ரவரி 5

ஸ்வெட்டரை இந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார் பேராசிரியர். இனி அவள் படங்களில் செல் எண்ணிக் கொடுத்தால் போதுமாம். அவளுடைய முனைவர் பட்டமே இந்தத் துளியை நம்பித்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்துதான் கைகழுவினோம்.

சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அண்ணா, நீங்களே சொல்லுங்க. நான் கவனமாத்தான செய்றேன்?"

சில விஷயம் கைக்கு வரணும்மா என்றேன். எனக்கே என் குரல் பேராசிரியர் குரல் மாதிரி கேட்டது.

"வீட்ல உக்காந்து பழகினவளுக்கு இனிமே ஒண்ணும் வராதுன்னு எங்க மாமியார் சொன்னாங்க. அவங்க சொன்னதுதான் சரி போல." சொல்லிவிட்டு டப்பாவை மூடிக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 11

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு நானே மாற்றிச் சொல்வேன்.

நான் சரியாகச் செய்வதை எழுத வரவில்லை. தப்பாகச் செய்கிறவளைக் கூட நின்று பார்த்தால் எந்த இடத்தில் தப்பு என்று தெரியும், அதைத் திருப்பிப் போட்டு எழுதிவிடலாம் என்று தோன்றியது. கடைசியாக ஒரு தடவை செய்து காட்டு என்று ஸ்வெட்டரைக் கூப்பிட்டேன். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். இத்தனை நாளில் ஒரு தடவைகூட இப்படி உட்கார்ந்ததில்லை.

தப்பே இல்லை. என்னைவிடச் சுத்தமாகச் செய்கிறாள். பழைய மீடியத்தை உறிஞ்சினாள். அப்புறம் ஸ்வெட்டர் பைக்குள்ளிருந்து பட்டினித் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து ஸ்பிரிட்டால் துடைத்தாள். நான் ஊற்றுகிறேன், கொடு என்று கை நீட்டி வாங்கினேன்.

பாட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

ஏன் பையில் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலைப் பிடித்தால் விரல் மரத்துப்போய்க் கை நடுங்குகிறதாம். அதனால் வந்ததும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வாளாம். இதைப் போய் யாரிடம் சொல்வது என்று சொல்லவில்லையாம்.

என் ராசியான கையால் அவள் பாட்டிலை ஊற்றினேன். பார்த்தோம். துளி இல்லை. ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு புதுப் பாட்டிலை எடுத்து, துணி சுற்றி அவள் கையில் கொடுத்து, அடுத்த தட்டில் ஊற்றச் சொன்னேன். பார்த்தோம். செல்லுக்குச் செல் பச்சைத் துளிகள். வானம் முழுக்க நட்சத்திரம் கொட்டிக் கிடந்த மாதிரி இருந்தது.

"எனக்கும் வந்துருச்சு அண்ணா," என்றாள். ஒரு வருடத்தில் முதல் தடவையாக அவள் பல் தெரியச் சிரித்ததைப் பார்த்தேன். மைக்ராஸ்கோப்பை விட்டு நகரவே இல்லை. நான் இரண்டு பாட்டில்களையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தேன்.

எந்த ஆய்வகத்திலும் ஊற்றும் திரவத்தை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்துதான் ஊற்றுவார்கள். அதற்கென்று வெந்நீர்த் தொட்டி இருக்கும். எங்களிடம் இல்லை. நான் சேர்வதற்கு முன்னால் அந்தத் தொட்டித் தண்ணீரிலிருந்து பூஞ்சை பரவி ஒரு பருவத்துச் செல்கள் மொத்தமும் செத்துப்போயின. பேராசிரியர் அன்றைக்கே தொட்டியைத் தூக்கிக் கடாசி, இனி இந்த அறைக்குள் அது வரக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார். மீடியம் பாட்டிலைக் காலையிலேயே வெளியே வைத்துவிடுவோம், தானாகக் குளிர் விட்டுவிடும். பட்டினித் தண்ணீர் மட்டும் கெட்டுவிடும் என்று கடைசி நிமிடம்வரை ஃப்ரிட்ஜில். அங்கிருந்து நேராகச் செல்லின் தலையில்.

ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் பட்டினி போடாத தட்டுகளை நாங்கள் தொடுவதே இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவனை எதற்கு எழுப்ப வேண்டும் என்பது பேராசிரியரின் பழைய நகைச்சுவை. எல்லாரும் சிரிப்போம். அந்தத் தட்டுகளுக்குக் குளிரே தெரியாது.

பிப்ரவரி 12

ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருக்கலாம். இருக்கட்டும். தப்பாகவே இருக்கட்டும்.

பிப்ரவரி 13

தப்பில்லை.

நான்கு தட்டுகள் வைத்தேன். சாப்பாடு உள்ள மீடியத்தையே குளிரக் குளிர ஊற்றினேன், துளி வந்தது. சத்தில்லாத தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்றினேன், வரவில்லை. சாப்பாடும் சூடும் சேர்ந்தால் வரவில்லை. பட்டினியும் குளிரும் சேர்ந்தால் வந்தது. பசிக்கும் துளிக்கும் சம்பந்தமே இல்லை. அரை மணியில் கரைகிறதே, பழகிக்கொள்கிறதே என்று பக்கம் பக்கமாக எழுதினோமே, தட்டு மறுபடி சூடாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

மூணு வருஷம். மூணு வருஷமா அந்த ஜில்லுனு இருக்கிற பாட்டிலை இந்தக் கையாலதான பிடிச்சேன்? எனக்குக் குளிருது, செல்லுக்கும் குளிருமேன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் தோணியிருக்கக் கூடாதா? இதுக்குப் பேரு கைராசியாம். வெட்கமா இருக்கு.

பிப்ரவரி 15

அம்மா துளிகளைக் கேட்டாள். இந்தத் தடவை பொய் சொல்லத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். எப்படி விளக்குவது என்று திணறிக்கொண்டிருந்தபோது அவளே கேட்டாள், "குளிர் நாள்ல எண்ணெய் உறையற மாதிரியா?" கிட்டத்தட்ட அதேதான் என்றேன். "அதைப் போயா பசின்னு எழுதினீங்க?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. அதனால்தான் சுருக்கென்று தைத்தது.

அப்புறம் பெட்டிகளைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 17

பேராசிரியரிடம் நான்கு தட்டுகளின் படங்களையும் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். புரியாதவரில்லை அவர். முதல் படத்திலேயே புரிந்திருக்கும்.

"நாம என்ன செஞ்சமோ அதை அப்படியே எழுதி அனுப்பு. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து நேரா ஊத்தணும்னு எழுது," என்றார். "அது பொய்யா?"

"பொய் இல்ல சார். ஆனா அவங்களுக்கும் துளி வந்துரும். பசியால வராது."

"எதனால வருதுன்னு அவங்க கேக்கல. வருதான்னுதான் கேட்டிருக்காங்க."

அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். அவருக்கு இதுதான் கடைசிப் பெரிய கட்டுரை. கதவருகில் போன என்னைக் கூப்பிட்டு, எனக்கு இது முடிவு, உனக்கு இது ஆரம்பம், யோசித்துக்கொள் என்றார். மிரட்டவில்லை. கெஞ்சுவது மாதிரிதான் இருந்தது. அதற்கு மிரட்டியே இருக்கலாம்.

பிப்ரவரி 21

கடிதத்தை எழுதிவிட்டேன். பேராசிரியர் சொன்ன மாதிரிதான். 'பாட்டிலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து உடனே ஊற்றவும்.' திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நான் எழுதியதிலேயே மிகச் சரியான செய்முறை இதுதான்.

இன்னும் அனுப்பவில்லை.

நிரந்தர இடத்துக்கான விண்ணப்பத்தையும் பூர்த்தி செய்தேன். வெளியீடுகள் என்ற இடத்தில் இந்தக் கட்டுரையை முதலாவதாகப் போட்டேன். அதையும் அனுப்பவில்லை.

பிப்ரவரி 23

ஸ்வெட்டர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். எனக்குத்தான் வந்துவிட்டதே அண்ணா, மறுபடி செய்யட்டுமா, சார் ஒத்துக்கொள்வாரா என்று கேட்டாள். அவளுக்கு நான் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. பார்க்கலாம்மா என்றேன். அவள் போன பிறகு கணினியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். திரையில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அம்மா முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. பெட்டிகளின் மேல் தூசு தட்டியிருக்கிறாள்.

பிப்ரவரி 26

அந்த ஆய்வகத்திலிருந்து இன்னொரு மின்னஞ்சல். செய்முறை இன்னும் வரவில்லையே என்று நினைவூட்டியிருக்கிறார்கள். மரியாதையாகத்தான். கடைசியில் அந்த ஆய்வகத் தலைவர் தானாகவே ஒரு வரி சேர்த்திருக்கிறார். குறை தங்கள் பக்கம்தான் இருக்க வேண்டும், இதைச் செய்துவந்த மாணவியின் கை அவ்வளவு தேர்ச்சியில்லை, அவரை மாற்றிவிட்டு வேறொருவரைப் போட்டிருக்கிறோம், சிரமத்துக்கு மன்னிக்கவும்.

மன்னிக்கவுமாம். என்னிடம்.

அங்கேயும் ஒருத்தி டப்பாவை மூடிக்கொண்டு போயிருப்பாள். சரியாகச் செய்ததற்காக. வெந்நீர்த் தொட்டியில் ஒழுங்காகச் சூடுபண்ணி ஊற்றியதற்காக.

பிப்ரவரி 27

காலையில் ஸ்வெட்டரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். அவளுக்குத் துளி வந்த நாள்தான் அவள் முதல் தடவையாகத் தப்பாகச் செய்த நாள் என்றேன். "அப்ப ஒரு வருஷமா எனக்குச் சரியாத்தான் வந்துட்டிருந்துச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். பைக்குள் கையை விட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நியாயம்தான்.

மதியம் கடிதத்தை அனுப்பினேன். எழுதியிருந்த செய்முறையை அப்படியே வைத்தேன். அதன் கீழே நான்கு தட்டுகளின் படங்களையும் சேர்த்து, துளி பசியால் வருவதல்ல, குளிரால் வருவது, உங்கள் மாணவி செய்ததுதான் சரி என்று எழுதினேன். பேராசிரியருக்கும் ஒரு பிரதி.

விண்ணப்பத்திலிருந்து அந்தக் கட்டுரையை எடுத்தேன். எடுத்த பிறகு பக்கம் மொட்டையாக இருந்தது. அதையும் அப்படியே அனுப்பினேன்.

பிப்ரவரி 28

அசதி. நிம்மதி வரும் என்று நினைத்தேன். அசதிதான் வந்தது.

மார்ச் 6

பேராசிரியர் ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. கண்ணில் பட்டால் வேறு பக்கம் போகிறார். இன்று காலை ஆய்வகத்துக்குள் ஒரு அட்டைப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். புது வெந்நீர்த் தொட்டி. யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. ஜாடி ஜாடியாகத் தண்ணீர் பிடித்து ஊற்றினார், பூஞ்சை வராமலிருக்க மருந்தும் கலந்தார். வெப்பமானியை வைத்துவிட்டு, சூடு ஏறும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிறேன்னு எழுதிட்டேன்," என்றார், என் பக்கம் திரும்பாமலே. "நீ முதல்ல என்கிட்ட சொல்லிட்டு அனுப்பியிருக்கலாம்."

"சொன்னேனே சார்."

"ஆமா. சொன்ன." தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார். "நான்தான் கேக்கல."

ஏப்ரல் 19

நிரந்தர இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். நல்ல ஆள்தான், நல்ல கட்டுரைகள். திட்டக்கூட முடியவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். சரி, கை கால் கழுவிட்டு வா என்றாள்.

ஜூன் 28

கடைசி நாள். என் மேசையில் இருந்ததெல்லாம் ஒரே பைக்குள் அடங்கிவிட்டது.

ஸ்வெட்டர் வாசல்வரை வந்தாள். பிப்ரவரிக்குப் பிறகு அவள் என்னோடு வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு பேசியதில்லை. இப்போது குளிர்த்துளிதான் அவளுடைய ஆராய்ச்சி. துளி கட்டிய செல்கள் குளிரைத் தாங்கி மீண்டும் எழுகின்றன, துளி கட்டவிடாமல் செய்தால் பாதிக்கு மேல் செத்துவிடுகின்றன என்று பார்த்திருக்கிறாள். நாங்கள் பசி என்று நினைத்ததைவிடப் பெரிய விஷயமாகக்கூட அது இருக்கலாம். பேராசிரியர் ஓய்வைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"உங்க பேரையும் போடணும்னு சார்கிட்ட சொல்லியிருக்கேன்," என்றாள். வேண்டாம்மா என்றேன். "நான் உங்களுக்காகப் போடல அண்ணா. அந்த நாலு தட்டும் நீங்க வெச்சதுதான. அதனால போடறேன்." அந்த ஸ்வெட்டரின் கைமுட்டி கிழிந்து தைத்திருந்ததை இன்றைக்குத்தான் கவனித்தேன்.

ஜூலை 30

ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மேற்பார்வை வேலை. இதுவும் ஒப்பந்தம்தான். மறுபடி வீடு மாறியாயிற்று. பெட்டி கட்ட முடியாது என்று ஜனவரியில் எழுதியிருக்கிறேன். முடிகிறது.

மாலை வந்து பார்த்தால் கூடத்தில் நான்கு பெட்டிகளும் பிரிந்து கிடக்கின்றன. அம்மா தரையில் உட்கார்ந்து தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இது நிரந்தரம் இல்லையேம்மா என்றேன்.

"எனக்கு மட்டும் என்ன நிரந்தரம்? இருக்கிற வரைக்கும் நல்ல தட்டுல சாப்பிடுவோம்."

இரண்டு தட்டு விரிசல் விட்டிருந்தது. அதிலேயே சாப்பிட்டோம்.

செப்டம்பர் 16

இங்கே புதிதாக ஒரு டெக்னீஷியன் சேர்ந்திருக்கிறார். இரண்டு பிள்ளைகளின் அப்பா, அதிகம் பேசாதவர். அவர் கைக்குப் போகிற ரத்த மாதிரிகளில் பாதி, மஞ்சளாகத் தெளிய வேண்டிய மேல்நீர் இளஞ்சிவப்பாகிக் கெட்டுத் திரும்பி வருகின்றன. மற்றவர்களுக்கு அப்படி ஆவதில்லை. இன்று நிலைய மேலாளர் என் அறைக்கு வந்து, அவரை வரவேற்பு மேசைக்கு மாற்றிவிடலாம் என்றார். "சிலருக்குக் கைராசி இல்ல சார், என்ன பண்றது?" என்று சிரித்தார்.

நான் தலையாட்டவில்லை. நிறைய வேலை பாக்கி இருந்தது, முதுகும் வலித்தது. எழுந்து போய், அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"முதல்ல இருந்து செஞ்சு காட்டுங்க," என்றேன். "நான் சும்மா பாக்கறேன்."